மலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியருக்கும் வார்டனுக்கும்: பிள்ளைகளின் மனசும் போதையும்

கொடைக்கானல் தாலுகாவில் ஆசிரியராகவோ, விடுதி வார்டனாகவோ, கிராம சுகாதாரச் செவிலியராகவோ புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வந்த ஒரு மாதத்துக்குள் யாராவது "இங்க பசங்க எல்லாம் கெட்டுப் போயிட்டாங்க சார்" என்று சொல்லிவிடுவார்கள். கஞ்சா, போதைக் காளான், கூல் லிப் புகையிலை என்று பட்டியலும் கூடவே வரும். அப்புறம் ஒரு விழிப்புணர்வுப் பேரணிக்குத் தேதி குறிப்பார்கள். போங்கள், தப்பில்லை. ஆனால் ஜூன் 26 அன்று பதாகை பிடித்து நடந்ததால் ஒரு பையன் போதையை விட்டான் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

உங்கள் வேலை வேறு. பிள்ளை உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது, தேவைப்பட்டால் டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போகவைப்பது. மலையில் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த மூன்றாவதில்தான்.

முதலில் ஊரின் மாதங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊர்க்காரர்கள் மலையை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை பக்கம் மேல்மலை. அங்கே பூண்டு, கேரட், உருளை, பீன்ஸ். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, கே.சி.பட்டி, பாச்சலூர் பக்கம் கீழ்மலை. அங்கே காபி, மிளகு, மலைவாழை. மேல்மலைப் பிள்ளைக்கு டவுன் என்றால் கொடைக்கானல். கீழ்மலைப் பிள்ளைக்கு வத்தலக்குண்டு அல்லது ஒட்டன்சத்திரம். யாரோடு சேர்கிறான், எங்கே காசு பார்க்கிறான் என்பதெல்லாம் இதை வைத்தே மாறும். ஒரு ஊரில் கேட்டதை இன்னொரு ஊருக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

ஏப்ரல், மே சீசன். பள்ளி விடுமுறை. பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் காட்டேஜில் ரூம் பாயாகவும், டென்ட் கேம்ப்பில் எடுபிடியாகவும், ரோட்டோரம் ரூம் பிடித்துக் கொடுப்பவர்களாகவும் நிற்பார்கள். கீழேயிருந்து வரும் ஏதாவது ஒரு கூட்டம் "தம்பி, மஷ்ரூம் கிடைக்குமா?" என்று கேட்கும். வாங்கிக் கொடுத்தால் தோட்டக் கூலியைவிட நல்ல காசு. முதலில் கைமாற்றிவிடுவான், அப்புறம் மிச்சத்தை ருசி பார்ப்பான். கெட்டுப்போன பிள்ளைகள் என்று ஊரைத் திட்டுபவர்கள், கேட்டு வாங்குவது யார் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது அவன் கையில் புது போன் இருக்கும், நடையில் ஒரு பெரிய மனுஷத்தனம் இருக்கும். ஜூன், ஜூலையில் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

மே மாதத்தில் இன்னொன்று, தேர்வு முடிவுகள். தவறும் வாய்ப்புள்ள பிள்ளைகளின் பெயர்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, முடிவு வரும் காலையில் நீங்களே போன் செய்யுங்கள். துணைத்தேர்வு இருக்கிறது, வருஷம் வீணாகாது என்று அன்றைக்கே ஒருவர் சொல்ல வேண்டும். மறுநாள் சொல்வது தாமதம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழையும் பனிமூட்டமுமாகப் பல நாள் வெளியே தலைகாட்ட முடியாது. கரண்ட் இருக்காது, பஸ் வராது. ஏற்கெனவே மனசு சோர்ந்திருக்கும் பிள்ளை இன்னும் உள்ளே ஒடுங்கிவிடும். ஆனால் அதே கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடும் பையன்கள் ஒரு மண்டலம் பீடியைக்கூடத் தொடாமல் இருப்பார்கள். தன்னால் நிறுத்த முடிகிறது என்று அவனுக்கே தெரிகிற காலம் அது. மாலை கழற்றும் நாளுக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். கழற்றிய அன்று ராத்திரிதான் பெரும்பாலும் மறுபடி ஆரம்பிக்கும்.

அறிகுறிகள்: கையேட்டில் படித்ததை அப்படியே நம்ப வேண்டாம்

கண் சிவந்திருக்கிறதா பாருங்கள் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். மேல்மலையில் பல வீடுகளில் இன்னும் விறகடுப்பு. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் கண் சிவந்துதான் இருக்கும். உதடு வெடித்திருக்கும், இருமல் இருக்கும். முதல் பீரியடிலேயே தூங்கி வழிகிறான் என்றால், ராத்திரி முழுக்கத் தோட்டத்தில் காட்டுமாட்டுக்கும் பன்றிக்கும் காவல் இருந்துவிட்டு நேராகப் பள்ளிக்கு வந்திருக்கலாம். பளியர் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளை ஒரு வாரம் வரவில்லை என்றால் அம்மா அப்பாவோடு காட்டுக்குப் போயிருக்கலாம். இதையெல்லாம் போதைக் கணக்கில் எழுதினால் முதல் மாதத்திலேயே உங்கள் பேச்சுக்கு மரியாதை போய்விடும்.

பிள்ளையை ஊரோடு ஒப்பிடாமல், போன மாதம் இருந்த அதே பிள்ளையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாலிபால் விட்டால் வேறு தெரியாதவன் மைதானத்துக்கே வரவில்லை. பழைய கூட்டாளிகளை விட்டுவிட்டுத் தன்னைவிட நாலைந்து வயது மூத்தவர்களோடு திரிகிறான். வீட்டில் சிலிண்டருக்கு வைத்த காசு காணாமல் போகிறது. குளிப்பதில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் சீறுகிறான். இதில் இரண்டு மூன்று சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. காரணம் போதையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மனச்சோர்வுக்கும் இதே முகம்தான்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் யாருக்கும் தொந்தரவு கொடுப்பதில்லை, அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி, பிரேயரில் மயங்கி விழுவது, திடீரென்று மார்க் குறைவது. மலையில் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருப்பதால் கையைக் கீறிக்கொண்டாலும் வெளியே தெரியாது. நல்ல வெயில் அடிக்கிற மத்தியானத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றாத பெண்ணை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிக் காட்டச் சொல்லி எல்லார் முன்னாலும் நிற்க வைக்காதீர்கள். வீட்டில் "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போனால் அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். "கயிறும் கட்டிக்கட்டும்மா, டாக்டரையும் ஒரு தடவை பாத்துருவோம்" என்றால் வருவார்கள்.

2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. நாற்பது பேர் வகுப்பில் கிட்டத்தட்ட மூன்று பேர். உங்கள் வகுப்பில் அப்படி யாருமே இல்லை என்று தோன்றினால், இன்னும் கண்ணில் படவில்லை என்றுதான் அர்த்தம்.

எது எது புழங்குகிறது

கூல் லிப் மணம் சேர்த்த புகையிலை. டீ பேக் போலச் சின்ன வெள்ளைப் பொட்டலம், கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொள்வார்கள். பேசும்போது உதடு லேசாகப் புடைத்திருக்கும். பெஞ்சுக்கு அடியிலும் கழிப்பறை ஜன்னல் திட்டிலும் காய்ந்துபோன பொட்டலங்கள் கிடக்கும். புகையும் புகை நாற்றமும் வராது என்பதால் வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம், அதுதான் இதன் வசதி. விடுவதற்கு உதவ 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர், தின்னர் இதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் போதை. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்த ஒரே வகை இந்த முகரும் போதைதான். 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. மலிவு என்று அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. முதல் தடவையிலேயே இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். முகர்ந்துகொண்டிருப்பவனைத் துரத்தி ஓட விடவே கூடாது.

கஞ்சா பற்றி ஒன்று மட்டும். யாரோ காதில் பேசுகிறார்கள், எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று பையன் சொல்ல ஆரம்பித்தால் அறிவுரைக்கு நேரமில்லை. அந்த வாரமே டாக்டர். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போடுவதும் அப்படித்தான், நீங்கள் தனியாகச் சமாளிக்கக் கூடியதல்ல.

காளானை "இயற்கைதானே சார்" என்பார்கள். அதிலுள்ள சைலோசைபின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. சட்டத்தைவிட இரண்டு ஆபத்துகள் பெரியவை. ஒன்று, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும் நாலைந்து மணி நேரத்தில் பையன் பள்ளத்தாக்கு ஓரத்தில் நின்றுகொண்டிருக்கலாம். இன்னொன்று, பறித்தது விஷக்காளானாக இருக்கலாம். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தி பேதி தொடங்கினால் ஈரலைத் தாக்கும் வகை என்று சந்தேகப்பட வேண்டும். நடுவில் ஒரு நாள் தேறிவிட்டதுபோல் தெரியும், நம்ப வேண்டாம். மிச்சக் காளான் இருந்தால் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எந்தப் போதையானாலும் மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சம்பழம், உப்புத்தண்ணீர் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். கம்பளி போர்த்தி 108-க்கு போன் செய்யுங்கள். குடித்தால் உடம்பு சூடாகும் என்று மலையில் எல்லாரும் நம்புகிறார்கள். உண்மையில் உடம்புச் சூடு வெளியே போய்விடுகிறது. டிசம்பர் ராத்திரியில் வெளியே விழுந்து கிடப்பவனுக்கு அதுவே எமன்.

பேச்சைத் தொடங்குவது

ஸ்டாஃப் ரூம் வேண்டாம். டீக்கடை வேண்டவே வேண்டாம், பேச்சு முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, சேர்ந்து நடந்து போகும்போது, மைதானத்தில் வலை கட்டும்போது பேசுங்கள். முகத்துக்கு நேரே முகம் பார்க்காமல் இருந்தால் பையன்களுக்கு வாய் திறக்கும். கேள்வி போதையிலிருந்து தொடங்கக் கூடாது. தூக்கத்திலிருந்து தொடங்கலாம்.

"தம்பி, ராத்திரி நல்லாத் தூங்குறியாப்பா?"

"தூங்குறேன் சார்."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மூணு ஆகிரும் சார்."

"அதுவரைக்கும் என்னப்பா பண்ணுவ?"

"சும்மா படுத்திருப்பேன். போன் பாப்பேன். அப்பா சத்தம் போட்டுக்கிட்டே இருப்பாரு."

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். "அதான் கஞ்சா அடிக்கிறியா?" என்று கேட்டால் பேச்சு அதோடு முடிந்தது. "கஷ்டமாத்தான் இருக்கும்லப்பா" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் வராமல் போகலாம். நாலு நாள் கழித்து அவனே வந்து நிற்பான்.

இரண்டு விஷயம் செய்யாதீர்கள். கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் மீறிப் போகும், மீறிய பிறகு உங்கள் முகத்தில் விழிக்க மாட்டான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். பாலியல் தொல்லை என்று பிள்ளை சொன்னால் போக்சோ சட்டப்படி நீங்கள் தெரிவித்தே ஆக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-ல் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றாலும் அப்படித்தான். "உன் உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் உன்கிட்ட சொல்லிட்டு இன்னொருத்தர்கிட்ட சொல்லுவேன். மத்ததெல்லாம் என்னோட இருக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாவைப் பற்றிப் பேச்சு வந்தால்

"நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் நேராகவே கேளுங்கள்: "செத்துப் போயிரலாம்னு தோணுதாப்பா?" கேட்டால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. கேட்ட ஒருவர் கிடைத்தார் என்று பாரம்தான் குறையும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே வீட்டுப் பெரியவர் ஒருவருக்குச் சொல்லுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அங்கிருந்தே போன் போடுங்கள். தமிழில் பேசலாம், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. ஃபோன் சிக்னல் கிடைக்காத ஊர்கள் மேல்மலையில் உண்டு. உங்கள் ஊரில் எந்தத் திருப்பத்தில் சிக்னல் கிடைக்கும் என்பதை முதல் வாரமே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பூச்சிமருந்து. மலையில் தோட்டம் இருக்கும் வீட்டில் மருந்து இருக்கும், திண்ணை ஓரத்திலோ சமையலறைப் பரணிலோ. கோபத்தில் எடுக்கும் முடிவுக்கும் அந்த டப்பாவுக்கும் நடுவில் ஒரு பூட்டு இருந்தால் பல உயிர்கள் பிழைக்கும், ஏனென்றால் அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். ஒரு பிள்ளைக்காக என்று போய்ச் சொல்லாதீர்கள். பெற்றோர் கூட்டத்தில் பொதுவாகச் சொல்லுங்கள்: மருந்தும் எலி பேஸ்ட்டும் வீட்டுக்கு வெளியே, பூட்டிய பெட்டியில், சாவி பெரியவர் இடுப்பில். தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராமல் வீட்டிலேயே வைத்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் அப்படித் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அந்தப் பழைய பிரிவு இல்லை. இதை ஊரில் உரக்கச் சொல்லலாம்.

டாக்டரிடம் கொண்டுபோவது

மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் கிழமை வைத்து வருவது வழக்கம். உங்களுக்கு அருகில் எங்கே, எந்தக் கிழமை என்று இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, கானாவிலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. மூன்றுக்கும் முழு நாள் பயணம். மேல்மலையிலிருந்து முதல் பஸ் பிடித்தால்கூட புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் நேரத்துக்குள் போய்ச் சேருவது சிரமம். முந்தைய நாளே வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்க முடியுமா பாருங்கள். மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுங்கள். இதெல்லாம் சிகிச்சையில் சேராது என்று நினைக்க வேண்டாம்.

கூட யார் போவது என்று பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் அப்பா இருக்க மாட்டார். தாய்மாமன், சித்தி, பக்கத்து வீட்டு அக்கா யாரானாலும் சரி. ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழே என்பதால் சிகிச்சைக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அதை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். "பைத்தியக்கார ஆஸ்பத்திரி" என்ற பேச்சு எழும். "தூக்கம் வரலை, அதுக்குக் காட்டப் போறோம்" என்பது பொய்யில்லை, அதுவே போதும்.

முதல் தடவை எல்லாரும் போய்விடுவார்கள். இரண்டாம் தடவைதான் பூண்டு எடுக்கிற வேலை வந்துவிடும், பஸ் காசு இருக்காது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்திவிடுவார்கள், அல்லது கொஞ்சம் தேறியதும் "அதான் சரியாயிருச்சே" என்று நிறுத்துவார்கள். டாக்டர் எழுதிய அடுத்த தேதியை உங்கள் போனில் குறித்து, இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பஸ் காசுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவிலோ மகளிர் குழுவிலோ கேட்கத் தயங்காதீர்கள்.

தினமும் நிறையக் குடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அதை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். ரூமில் பூட்டிப் போட்டு நிறுத்த வைப்பது உயிரோடு விளையாடுவது.

தனியார் மறுவாழ்வு மையம் என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சிறுவர்களைப் பெரியவர்களோடு ஒரே அறையில் போடக் கூடாது, பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ கூடத் தங்க வேண்டும். இது சட்டம். ராத்திரி வேனில் வந்து தூக்கிப் போகிறோம் என்பவர்களிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

போலீஸ் விஷயம்

சிறுவர்களுக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சிறுவரை வைத்து விற்பவருக்கும் அடுத்த பிரிவில் அதே தண்டனை. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. தகவல் சொல்ல 10581 இருக்கிறது. ஆனால் விற்பவரைப் பிடிக்கப் பையனை உளவாளி ஆக்காதீர்கள். ஊர் சின்னது. யார் சொன்னது என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். அடி வாங்கப் போவது அவன்.

மறுபடி தொட்டால், நீங்கள் மாற்றலாகிப் போனால்

மறுபடி தொடுவான். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் நடக்கும். எப்போது, யாரோடு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேளுங்கள். அடுத்த சீசனுக்கு முன் அவனுக்கு வேறு வேலை பார்த்துக் கொடுக்க முடியுமா என்று தேடுங்கள். கீழே அத்தை வீட்டில் இரண்டு மாதம் இருந்து டிரைவிங் பழகினாலும் சரிதான்.

மலையில் அரசு ஊழியர் நிலைத்து இருப்பது குறைவு. உங்களுக்கும் மாற்றல் வரும். ஆர்டர் கைக்கு வந்ததும் பிள்ளைகளிடம் நீங்களே சொல்லுங்கள், ஊர் வழியாக அவர்கள் காதுக்குப் போகக் கூடாது. அங்கேயே இருக்கப் போகிற ஒருவரிடம், செவிலியரோ அங்கன்வாடி அக்காவோ, பிள்ளையின் சம்மதத்தோடு நேரில் அறிமுகப்படுத்திவிடுங்கள். அடுத்த டாக்டர் தேதி, மாத்திரைச் சீட்டின் நகல், கூடப் போகிறவரின் பெயர் இந்த மூன்றையும் அவரிடம் கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.